நடுக்கமா? எனக்கா?

மேடையில் ஏறினால் கைகால் உதறுகிறவர்களுக்கு அந்த உதறலை நிறுத்திக் கொடுப்பது அவருடைய தொழில். பெயிண்ட் கடைக்கு மேலே மாடியில் நீளமாக ஒரு கூடம். வார்னிஷ் வாசனை படியேறி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். வாசலில் ஒரு பலகை: ‘மேடை நடுக்கம் நிரந்தரமாகப் போக்கப்படும்.’ மூலத்துக்கு வைத்தியம் பார்க்கிறவர்கள் மாட்டுகிற பலகை மாதிரி இருக்கிறது என்று மச்சினன் ஒருமுறை சொன்னான். அன்றைக்கே ‘நிரந்தரமாக’ என்ற சொல்லை மட்டும் பெயிண்ட் அடித்து மறைத்தார். அதற்குப் பிறகு பலகை இன்னும் சந்தேகத்துக்கு இடமானதாக ஆகிவிட்டது.

எல்லோரும் அவரை ஆசான் என்றார்கள். எடுத்த எடுப்பில் அப்படி யாரும் கூப்பிட்டுவிடவில்லை. “ஆசான் சொல்றேன், கேளுங்க” என்று அவரே விடாமல் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஜலதோஷம் மாதிரி அது மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. மனைவி மட்டும் ‘என்னங்க’ என்பதோடு நிறுத்திக்கொண்டாள். மச்சினன் லிஃப்ட் மெக்கானிக். அக்கா புருஷனை அத்தான் என்று கூப்பிடுவான், கூப்பிடும் விதத்தில் ஒரு சின்னச் சிரிப்பும் சேர்ந்து வரும்.

ஆசானிடம் ஒரு தத்துவம் இருந்தது. எல்லா வகுப்பும் அதில்தான் ஆரம்பிக்கும். “நடுக்கம் என்பது என்ன? பயத்தின் கையெழுத்து. பயம் இல்லாத இடத்தில் நடுக்கம் இல்லை. என்னைப் பாருங்கள்.” பார்ப்பார்கள். கையை நீட்டி, புறங்கையில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து, ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவார். தண்ணீர் அசையாது. கோர்ட்டில் நீதிபதி தும்மினால்கூட வாதம் மறந்துபோகிற ஒரு வக்கீலும், வியாபாரிகள் சங்கத் தலைவர் பதவிக்கு நிற்கப்போகிற ஒரு டயர் கடைக்காரரும் அந்தத் தம்ளரைப் பார்த்துத்தான் வகுப்பில் சேர்ந்தார்கள்.

வயிற்று வலி வந்தது அந்த வகுப்பின் நிறைவு விழாவுக்குச் சில நாள் முந்தி. அடிவயிற்றில் இடது பக்கம் யாரோ உள்ளே உட்கார்ந்து துணி பிழிகிற மாதிரி. அவர் அதற்கு ‘வாயு’ என்று பெயர் வைத்தார். பெயர் வைத்துவிட்டால் எதுவும் கட்டுக்குள் வந்துவிடும் என்பது அவருடைய இன்னொரு தத்துவம். வாயு இரண்டு நாள் கட்டுக்குள் இருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சலையும் பேதியையும் துணைக்குக் கூட்டிவந்தது. மனைவி அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன உருவம். குரல் அதைவிடச் சின்னது. வாக்கியத்தை ஆரம்பிப்பார், பாதிக்கு மேல் அது அவருடைய மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். நடுநடுவே ‘வந்து... வந்து...’ என்று வேறு. ஆசான் மனசுக்குள் மார்க் போட ஆரம்பித்துவிட்டார். கண் பார்த்துப் பேசுதல்: பரவாயில்லை. குரல்: பத்துக்கு மூன்று. டாக்டர் படம் வரைந்து விளக்கியது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. மனைவிதான் கேட்டாள்.

“பெருங்குடல் சுவர்ல வந்து... சின்னச் சின்னப் பை மாதிரி பிதுங்கி இருக்கும். நிறையப் பேருக்கு இருக்கறதுதான். அதுல ஒண்ணுல கிருமி புகுந்து வீங்கியிருக்கு. மாத்திரை தர்றேன். ஒண்ணு கேக்கணும். குளிர் வந்துச்சா? நடுக்கம் ஏதாவது இருந்துச்சா?”

ஆசானுக்கு அதுவரை கேட்காத காது அந்த ஒரு சொல்லுக்குத் திறந்துகொண்டது.

“நடுக்கமா? எனக்கா?” என்று சிரித்தார். வயிறு வலித்ததால் சிரிப்பு பாதியிலேயே நின்றது. “டாக்டர், நான் யாருன்னு உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்கிறேன்.” சட்டைப் பையிலிருந்து தன் பெயர் அட்டையை எடுத்து நீட்டினார். டாக்டர் வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ரத்தப் பிரிவு எழுதியிருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார் போல.

“நல்லது சார். ஆனா வந்தா உடனே வந்துடுங்க. உடம்பு தூக்கிப் போடுற மாதிரி நடுக்கம் வந்தா, மாத்திரை சாப்பிடுறோமேன்னு வீட்ல உட்காராதீங்க. அது வேற மாதிரி போயிடும்.”

“வேற மாதிரின்னா?” என்றாள் மனைவி.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் ஆசான் எழுந்துவிட்டார். “ரொம்ப நன்றி டாக்டர். தப்பா எடுத்துக்கலேன்னா ஒரு சின்ன யோசனை. வாக்கியம் முடியற இடத்துல குரலைக் கீழ விடாதீங்க. சொல்ற விஷயத்துக்கே மரியாதை போயிடுது.”

வேறு மாதிரி என்றால் என்ன என்பது அன்றைக்கு அந்த அறையிலேயே தங்கிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, மத்தியானம், அது வந்தது. மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போயிருந்தாள். ஆசான் சாப்பாட்டு மேஜையில் நிறைவுரையை எழுதிக்கொண்டிருந்தார். முதுகுத்தண்டின் அடியில் ஒரு சொட்டு ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. அது மெதுவாக ஏறி, தோள்பட்டைக்கு வந்ததும் உடம்பு முழுதும் பிரிந்து ஓடியது. பேனா தானாக எழுத ஆரம்பித்தது. எழுதியது தமிழாக இல்லை. எழுந்து கட்டிலுக்குப் போவதற்குள் பல் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிட்டது. கம்பளியைப் போர்த்தினார். மேலே இன்னொன்று. அதற்கும் மேலே ஜன்னல் திரையைக் கழற்றிப் போர்த்தினார். கட்டிலின் கால் தரையில் கடகடவென்று தந்தியடித்தது. கீழ்வீட்டுக்காரர் தண்ணி மோட்டார் ஓடுகிறது என்று நினைத்து, அணைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

தன்னிடம் படிக்க வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதையெல்லாம் செய்து பார்த்தார். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கிப் பிடித்தார். மூச்சை இழுத்து வயிற்றில் நிறுத்தினார். வயிறு அதை உடனே திருப்பி அனுப்பியது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்தார். பல் அதைக் கடித்தது. எதுவும் எடுபடவில்லை.

அப்போதுதான் அவர் ஒரு காரியம் செய்தார். வேறு யாராக இருந்தாலும் ஆட்டோவைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆசான் தன் மனசுக்குள் இறங்கி, பயத்தைத் தேட ஆரம்பித்தார். நடுக்கம் இருக்கிறதென்றால் பயம் எங்கேயோ இருந்தாக வேண்டும். கண்டுபிடித்து வெளியே தள்ளினால் நடுக்கம் நின்றுவிடும். எதைக் கண்டு பயம்? பக்கத்துத் தெருவில் புதிதாக ‘பேச்சுக் கலை’ வகுப்பு திறந்திருக்கிற ஆளைக் கண்டா? அவனுக்கு ‘ழ’ வராது. நிறைவு விழாவைக் கண்டா? அது எத்தனையாவது விழா என்று அவருக்கே நினைவில்லை. சாவைக் கண்டா? நியாயமாக யோசித்துப் பார்த்தார். சாவைப் பற்றி அவர் இதுவரை நினைத்ததே இல்லை. நினைக்காத ஒன்றைக் கண்டு எப்படிப் பயப்படுவது? மூலை முடுக்கெல்லாம் பெருக்கிப் பார்த்துவிட்டார். பயம் என்று சொல்லும்படி ஒரு குப்பைகூடக் கிடைக்கவில்லை. கட்டில் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

பிறகு அது தானாக நின்றது. வேர்த்துக் கொட்டியது. அவர் எழுந்து சட்டையை மாற்றி, நனைந்த விரிப்பைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இரண்டு காய்ச்சல் மாத்திரையை விழுங்கினார். உட்கார்ந்து யோசித்தார். டாக்டரிடம் போகலாம். போனால் அந்தம்மா அதே கேள்வியைக் கேட்பார். ஆமாம் என்று சொல்ல வேண்டியிருக்கும். பயமே இல்லாத இடத்தில் நடுக்கம் வந்தது என்றால், இத்தனை வருஷம் பெயிண்ட் கடைக்கு மேலே நின்று அவர் விற்றது என்ன? இதுதான் அவருக்கு உறுத்தியது. உடம்பு போவது அவருக்கு அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை, தத்துவம் போகக்கூடாது.

சாயங்காலம் மனைவி வந்தாள். “ஏங்க, கம்பளியெல்லாம் எதுக்கு வெளிய கிடக்கு?”

“பூச்சி அரிச்சிருக்கான்னு பார்த்தேன்.”

“ஜன்னல் திரையிலயுமா?”

“ஒரு வேலையை எடுத்தா முழுசா செய்யணும்.”

அவள் கிட்ட வந்து முகத்தைப் பார்த்தாள். நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் கண்ணாடி மாட்டி அளவு பார்க்கிறவள். கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பாள். “கண்ணு மஞ்சளா இருக்கே.”

“டியூப்லைட்டு.”

“டியூப்லைட்டு வெள்ளையாத்தானே எரியுது?”

“நாளை மறுநாள் விழா. அது முடியட்டும், நானே வர்றேன்.”

“காய்ச்சல் மறுபடி வந்துச்சா? அந்தம்மா சொன்னாங்களே, அந்த மாதிரி ஏதாவது...”

“எந்த மாதிரி?” என்றார், குரலை வாக்கிய முடிவில் உயர்த்தி. இந்த வித்தைக்கு எதிரில் பல வருஷமாக அவளிடம் பதில் இல்லை. அன்றைக்கும் இல்லை. ஆனால் உள்ளே போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

விழாவுக்கு மச்சினனும் வந்திருந்தான். நாற்காலி தூக்க ஆள் வேண்டும் என்று அக்கா வரச்சொல்லியிருந்தாள். கூடத்தில் வார்னிஷையும் மீறி ரோஜாப்பூ வாசனை. வக்கீல் கோட்டோடு வந்தார். டயர் கடைக்காரர், தேர்தலில் ஜெயித்துவிட்டால் பேசப்போகிற நன்றியுரையை ஒத்திகையாகப் பேசி, தோற்றவர்களைப் பெருந்தன்மையோடு மன்னித்தார். கைதட்டினார்கள். கடைசியில் ஆசான் மைக்கைப் பிடித்தார்.

முகம் வெளிறியிருந்தது, ஆனால் குரல் கணீரென்று இருந்தது. “நடுக்கம் என்பது என்ன?” என்று ஆரம்பித்தார். “பயத்தின் கையெழுத்து” என்று கூடம் முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது. “என்னைப் பாருங்கள்!” என்றார். பார்த்தார்கள்.

முதுகுத்தண்டில் அந்த ஐஸ் சொட்டு விழுந்தது.

மைக்கைப் பிடித்த கை முதலில் ஆடியது. மைக் அவர் சட்டைப் பொத்தானில் உரசி, ஒலிபெருக்கியில் குதிரை ஓடுகிற சத்தம் வந்தது. மற்றக் கையால் அந்தக் கையைப் பிடித்தார். இப்போது இரண்டு கையும் ஆடின. முன் வரிசையில் டயர் கடைக்காரரின் முகம் கேள்விக்குறியாக ஆவதை ஆசான் பார்த்தார். அந்த ஒரு கணத்தில், இத்தனை வருஷத் தொழில் அவரைக் கைவிடவில்லை.

“பார்த்தீங்களா?” என்றார், பற்களுக்கு நடுவே. “இதுதான்... இதுதான் நடுக்கம்! முதல் நாள் நீங்க... எப்படி இருந்தீங்கன்னு... செஞ்சு காட்டறேன்!”

கூடம் சிரிப்பில் வெடித்தது. கைதட்டல் நிற்கவில்லை. ஆசானின் முழங்கால் ஆடியது, தாடை ஆடியது, வேட்டியின் மடிப்புகூடத் தனியாக ஆடியது. “பல்லு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு தனித்தனியா ஆடுது பாருங்க. இதெல்லாம் பிறவியிலேயே இருக்கணும்” என்றார் வக்கீல் பக்கத்து நாற்காலிக்காரரிடம். யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். ஆசான் மேடையின் விளிம்பில் நிலைகொள்ளாமல், கண் செருக, பக்கவாட்டில் சாய்ந்து, பூச்செண்டுகளின் மேல் விழுந்தார். அதற்கு எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கைதட்டாதவர்கள் இரண்டே பேர். “அக்கா, இது நடிப்பு இல்ல” என்று மச்சினன் சொல்லி முடிப்பதற்குள் அவள் மேடையில் ஏறியிருந்தாள்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அதே டாக்டரம்மா இருந்தார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. ஆசான் விழாவுக்குப் புறப்படும்போது விழுங்கிய காய்ச்சல் மாத்திரை இப்போதுதான் வேலை செய்தது. தெர்மாமீட்டர் ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். ஒரு கையில் குளுக்கோஸும் அதோடு கிருமிக்கு மருந்தும் ஏறியது. கட்டிலைச் சுற்றி இழுத்துவிட்ட திரைக்கு இந்தப் பக்கம் மனைவியும் மச்சினனும். அந்தப் பக்கம் வக்கீல், டயர் கடைக்காரர், இன்னும் நாலைந்து மாணாக்கர்கள், கையில் நசுங்கிய பூச்செண்டுகளோடு.

முதல் பரிசோதனை முடிவுகள் வந்ததும் டாக்டர் தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். “கிட்னி சோர்ந்து போயிருக்கு. பேதியால தண்ணி வத்திப்போய் மயங்கியிருக்கலாம். அப்படின்னா இன்னிக்குத் தண்ணி ஏத்தி, கிட்னி தேறினதும் நாளைக்கு ஸ்கேன் எடுக்கலாம். ஏன்னா வந்து... சாயம் ஏத்தி எடுக்கிற ஸ்கேன். கிட்னிக்கு அது சிரமம். ஆனா நடுக்கம் வந்திருந்தா கதையே வேற. கிருமி ரத்தத்துல ஏறியிருக்குன்னு அர்த்தம். நாளைக்கு வரைக்கும் காத்திருக்க முடியாது. சிரமமோ இல்லையோ, இப்பவே எடுத்தாகணும்.” குனிந்து கேட்டார். “சார், நடுக்கம் வந்துச்சா?”

ஆசான் கண்ணைத் திறந்தார். பதில் சொல்ல அவசியம் இருக்கவில்லை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வக்கீலே சொல்லிவிட்டார்.

“வந்துச்சு டாக்டர், ஆனா அது நடிப்பு! செஞ்சு காட்டினார். நான் நேர்ல பார்த்த சாட்சி.” வாழ்க்கையில் முதல் தடவையாக வக்கீல் ஒரு வாதத்தைத் திக்காமல் சொல்லி முடித்திருந்தார்.

“ஆமாங்க, என்னமா செஞ்சார்!” என்றார் டயர் கடைக்காரர். “ஒரு நிமிஷம் நானே நிஜம்னு நம்பிட்டேன்.”

“எனக்கு நடிப்பா தெரியல” என்றாள் மனைவி. “அன்னிக்கு வீட்டுலயும் கம்பளியெல்லாம் வெளிய கிடந்துச்சு. கேட்டதுக்கு என்னமோ சொன்னார்.”

“தங்கச்சி, உங்களுக்குத் தெரியாது,” என்றார் டயர் கடைக்காரர் கனிவோடு. “அவர் லெவல் அப்படி.”

டாக்டர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். எதிரில் ஒரு மனைவியின் சந்தேகம்; திரைக்குப் பின்னால் ஒரு கூடம் நிறைய சாட்சிகள். கையிலிருந்த தாளை மடித்தார். “சாரே சொல்லட்டும்” என்றார்.

ஆசான் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார். ‘இல்லை’ என்றால் போதும். ஒரு சொல். நாளைக்கு ஸ்கேன் எடுப்பார்கள். ஒருவேளை ஒன்றும் இருக்காது. செல்போனில் எடுத்த படம் வகுப்புக்கு விளம்பரமாகும். ‘ஆமாம்’ என்றால் திரைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஒவ்வொருவரும் கைதட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. டாக்டர் மடித்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாள் மடிந்ததைப் பார்த்து அவள் முகம் எப்படிப் போனதோ அதை அவர் பார்த்தார். வகுப்பில் அவர் எந்த மாணாக்கரிடமும் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. அங்கே வந்தவர்களெல்லாம் கேவலப்பட்டுவிடுவோமோ என்று பயந்தவர்கள். இது வேறு ரகம்.

“நடிப்பில்ல” என்றார்.

சத்தம் வரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

“என்ன சார்? கொஞ்சம் சத்தமா சொல்லுங்க” என்றார் டாக்டர்.

“நடிப்பில்ல. நிஜமாவே வந்துச்சு. முந்தாநாளும் வந்துச்சு. கட்டிலே ஆடுச்சு. மறைச்சுட்டேன்.” ‘மறைச்சுட்டேன்’ என்ற சொல்லில் குரல் உடைந்து, வாக்கியத்தின் முடிவு கீழே விழுந்தது. திரைக்கு அந்தப் பக்கம் பூச்செண்டுக் காகிதம் சரசரத்தது.

டாக்டர் உடனே ஸ்ட்ரெச்சருக்கு ஆள் வரச்சொல்லிப் போன் செய்தார். இப்போது அவருடைய குரலில் எந்த ‘வந்து’வும் இல்லை.

ஸ்கேன் முடிந்து வந்ததும் டாக்டர் மூன்று பேரையும் வைத்துப் பேசினார். ஆசான் கட்டிலில், மற்ற இருவரும் நின்றபடி.

“குடல்ல இருந்து ஈரலுக்குப் போற பெரிய ரத்தக்குழாய் ஒண்ணு இருக்கு. நாம சாப்பிடுறதோட சத்தெல்லாம் அந்த வழியாத்தான் ஈரலுக்குப் போகுது. குடல்ல இருந்த கிருமியும் அதே வழியில ஏறியிருக்கு. குழாய்க்குள்ள ரத்தக்கட்டு இருக்கு.”

“ரத்தக்கட்டா?” மச்சினன் நிமிர்ந்தான். “யாரு அடிச்சது? அக்கா, விழுந்தப்போ பட்டிருக்கும். எங்க கம்பெனியில ஒரு தைலம் வச்சிருக்கோம், லிஃப்ட் கதவுல கை மாட்டினாக்கூட ரெண்டே நாள்ல...”

“இது அடிபட்ட ரத்தக்கட்டு இல்லைங்க. கன்னிப்போய் நீலமா நிக்குமே, அது இல்ல. குழாய்க்குள்ள ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு. அந்த அடைப்புலயே கிருமி குடியிருக்கு. அங்கிருந்து துளித்துளியா ரத்தத்துல கலக்கும்போதுதான் உடம்பு தூக்கிப் போடுது. ஈரலுக்குப் போற வழி அடைபட்டதாலதான் கண்ணும் மஞ்சளாச்சு.”

“அப்போ தைலம் வேணாம்” என்றான் மச்சினன், ஒரு தீர்ப்பை ஏற்றுக்கொள்கிறவனாக.

“அப்போ நடுக்கத்துக்குக் காரணம்...” என்றார் ஆசான்.

“கிருமிதான் சார். வேற என்ன?”

அன்று மத்தியானம் அவ்வளவு நேரம் மனசைப் பெருக்கித் தேடினாரே, அந்த மனிதரை நினைத்து ஆசானுக்குச் சிரிப்பு வந்தது. அவர் தேடிய இடத்துக்கு ஒரு முழம் கீழே அது சாவகாசமாக உட்கார்ந்திருந்திருக்கிறது.

“அந்தக் கட்டு கரையுமா?” என்றாள் மனைவி.

“கிருமி சாகணும், அதுதான் முதல் வேலை. ஊசி மருந்து வாரக்கணக்குல போகும். அதோட ரத்தம் உறையாம இருக்கறதுக்கும் மருந்து கொடுக்கலாமான்னு பேசிக்கிட்டிருக்கோம். அதுல எங்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்ல. எது சரின்னு எனக்கு நிச்சயமா தெரியல.”

‘தெரியல’ என்பதை அவர் தண்ணீர் குடிக்கிற மாதிரி சொன்னார். ஆசான் வகுப்பில் அந்தச் சொல்லுக்குத் தடை இருந்தது. யாராவது பதில் தெரியாத கேள்வி கேட்டால் ‘அருமையான கேள்வி’ என்று சொல்லிவிட்டு வேறு எதையாவது பேச வேண்டும் என்பது பாடம். அந்தப் பாடத்தை அவர் எத்தனை பேருக்கு நடத்தியிருப்பார்? ஒரு டாக்டர், ஒரு சங்கத் தலைவர், ஒரு பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டென்ட். அவர்களெல்லாம் இந்நேரம் எங்கெங்கோ உட்கார்ந்து, தங்களுக்குத் தெரியாதவற்றையெல்லாம் அருமையான கேள்விகளாக ஆக்கிக்கொண்டிருப்பார்கள்.

“பொழைச்சுக்குவாரா?” மனைவி இதைக் கேட்ட விதத்தில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை.

“முந்தாநாளே வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். இப்பவும் நேரம் இருக்கும்மா. ஆனா பயப்படாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன்.”

மறுநாள் காலையிலும் காய்ச்சல் இறங்கவில்லை. முதலில் எடுத்த ரத்தத்தில் எந்தக் கிருமி என்று இன்னும் பிடிபடவில்லை. நர்ஸ் வந்து, சாதாரணமாக, தண்ணி வரும் நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார்: “சார், அடுத்த தடவை நடுக்கம் ஆரம்பிச்சதும் பெல் அடிங்க. அந்த நேரத்துல ரத்தம் எடுத்தா கிருமி மாட்டறதுக்கு வாய்ப்பு அதிகம். எந்தக் கிருமின்னு தெரிஞ்சா சரியான மருந்தா மாத்திடலாம்.”

அன்றைக்கு முற்பகல் பூராவும் ஒரு வார்டே அவர் நடுங்குவதற்காகக் காத்திருந்தது. டாக்டர் ஒருமுறை எட்டிப் பார்த்து, “இன்னும் வரலையா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டிலில் பித்தப்பை எடுத்த ஆள், “எங்க, எல்லாம் வேணும்கிறப்போ வராது சார்” என்று ஆறுதல் சொன்னார். மச்சினன் வேலைக்குப் போகிற வழியில் வந்து நின்றான். “அத்தான், நேத்து கேக்காமலே ஓடி ஓடி வந்துச்சு. இன்னிக்கு இவங்க கூப்பிடறாங்க, வர மாட்டேங்குது பாருங்க.”

“போடா” என்றார். அவருக்கே அது யாருடைய குரல் என்று புரியவில்லை. மேடையில் வருகிற குரல் இல்லை. வீட்டில் வருகிற குரலும் இல்லை.

“வக்கீல் கீழ நிக்கிறார். மேல வரத் தயக்கமா இருக்காம். தப்பா சாட்சி சொல்லிட்டேன்னு வருத்தப்படறார்.”

“வரச்சொல்லு. இல்ல... அப்புறம் வரச்சொல்லு.”

மச்சினன் போன பிறகு மனைவி ஸ்டூலைக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவளுக்குக் கேட்க நிறைய இருந்தது என்று அவருக்குத் தெரியும். கட்டிலுக்கு அடியில் சுருட்டி வைத்த விரிப்பை இந்நேரம் அவள் எடுத்திருப்பாள். கேட்டால் பதில் சொல்லலாம். அவள் கேட்கவில்லை. கேட்காதவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்பதற்கு அவரிடம் பாடம் எதுவும் இல்லை.

முதுகில் அந்தச் சொட்டு விழுந்தது.

“வருது” என்றார். பெல்லை அவரே அமுக்கினார்.

நர்ஸ் ஓடி வந்து கையில் ரப்பர் பட்டையைக் கட்டினார். அதற்குள் கட்டிலின் கம்பிகள் கிலுகிலுக்க ஆரம்பித்துவிட்டன. பழக்கதோஷத்தில் அவர் மூச்சைப் பிடித்து உடம்பை இறுக்கினார். “அடக்காதீங்க சார்,” என்றார் நர்ஸ், ஊசியைப் பார்த்தபடி. “கையை மட்டும் நான் பிடிச்சுக்கறேன். மத்ததெல்லாம் அது பாட்டுக்கு ஆடட்டும், விட்டுடுங்க.”

அவர் விட்டுவிட்டார். தாடை அதன் இஷ்டத்துக்குப் போனது, கால் அதன் இஷ்டத்துக்குப் போனது. மனைவி அவருடைய தோளில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள்.

“பயமா இருக்கா?” என்றாள், காதருகில்.

மறுபடியும் மனசுக்குள் இறங்கித் தேட வேண்டியிருக்கவில்லை. இந்தத் தடவை அது வாசலிலேயே நின்றிருந்தது.

“இ... இருக்கு.”

“எனக்கும்தான்” என்றாள். அவள் கையும் நடுங்கியதா என்று தெரியவில்லை. கட்டிலோடு சேர்ந்து எல்லாமே ஆடிக்கொண்டிருந்தது.

நர்ஸ் ரத்தம் நிரம்பிய சின்ன பாட்டிலைத் தட்டில் வைத்துவிட்டுக் கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தார். “இந்தப் பக்கமும் ஒண்ணு எடுக்கணும் சார். நிக்கறதுக்குள்ள எடுத்துடலாம்.”

ஆசான் மற்றக் கையையும் நீட்டினார்.